அண்டாவை எட்டும் வீச்சு

அந்தக் கோடை முழுக்க என் கணவன் லாம்பர்ட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. காப்பியை ஊற்றிக்கொள்வான், குடிக்க மாட்டான். ஜன்னலுக்குப் போய் வளைகுடாவில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பான், திரும்பி வந்து உட்காருவான், உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் மறுபடி எழுந்து போவான். என் சமையலறை ஜன்னலின் திரைச்சீலைக் கம்பியில், தூண்டில் நூலில் கட்டி வீசும் பொய்மீன்கள் வரிசையாகத் தொங்கின. மரத்தில் செய்தவை, பிளாஸ்டிக்கில் செய்தவை, ஒவ்வொன்றின் வயிற்றிலும் வாலிலும் மூன்று கொக்கி சேர்ந்த மும்முள். திரையை இழுத்தால் கையில் ஏறும். ஒரு நாள் ஏறியும் விட்டது. நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அதை அசைக்காத நொயெல்லா. எடை வரிசையில மாட்டி வெச்சிருக்கேன்" என்றான் லாம்பர்ட்.

என் விரலில் ரத்தம். அவனுக்கு வரிசை!

காரணமில்லாமல் அவன் இப்படி ஆகவில்லை. கிரீன் பே வளைகுடாவில் வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய் மீன் பிடிக்க வைப்பதுதான் அவன் தொழில். ஊரில் அவனுக்கு லாம்பர்ட் என்று பெயர் இருப்பதையே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள், எல்லோருக்கும் கேப்டன். அந்த ஏப்ரலில் அவன் காதுக்குள் ஏதோ கெட்டுப்போனது. நின்றுகொண்டே இருப்பான், திடீரென்று உலகம் ராட்டினம் போலச் சுற்றும். முதல் தடவை படகிலேயே வந்தது. தண்ணீரில் விழப் போனவனை மீன் பிடிக்க வந்த ஒரு பல் டாக்டர் கோட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார். கேப்டனைப் பயணி காப்பாற்றினான் என்ற அவமானம் அவனைத் தலைசுற்றலைவிட அதிகமாகப் படுத்தியது. இனி படகில் கால் வைக்கக் கூடாது என்று காது வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மே மாதத்தில் எதிர்த் துறையில் இருக்கும் ஷேன் என்ற பையன் படகை வாங்கிக்கொண்டு போனான். முற்றத்தில் அது நின்ற இடத்தில் புல் மஞ்சளாகக் கிடந்தது. லாம்பர்ட் அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் நடப்பான்.

அரிசோனாவில் இருக்கும் எங்கள் மகள் கோரின் உடனே போன் செய்தாள். அறை தயாராக இருக்கிறது, இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்றாள். இவன் அப்போதிருந்த கோபத்தில் அவளிடம் ஒரு வார்த்தை விட்டான்.

"கரையிலருந்து தூண்டில் வீசி அண்டாப் பாறையை எட்ட முடிஞ்சா இங்கயே இருக்கேன். முடியலேன்னா கோடை முடிஞ்சதும் உங்கிட்ட வந்துடறோம். மீன் பிடிக்க முடியாம இந்தத் தண்ணியைப் பாத்துட்டே உக்காந்திருக்க என்னால ஆகாது."

வந்துடறோமாம். என்னை யார் கேட்டது? மாதா கோயில் திருவிழாவில் ஊருக்கே பூயா என்ற கறிக்குழம்பு காய்ச்சும் பெரிய அண்டாவைக் கிளற இந்த ஊரில் ஆண்களைத்தான் விடுவார்கள். வாயாடி வாயாடி, போன வருடம்தான் அதைக் கிளறும் துடுப்பை என் கைக்கு வாங்கியிருக்கிறேன். என் அக்கா அடுத்த தெருவில். பாட்டுக் குழுவில் கீழ்க்குரலுக்கு என்னைவிட்டால் ஆளில்லை. கோரின் வீட்டுத் தோட்டம் என்பது கூழாங்கல் பரப்பி நடுவில் ஒரு கள்ளிச்செடி. அங்கே தண்ணீர் குழாயில் மட்டும்தான் வரும். எனக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் இருக்கச் சொல்லி அவனை இழுத்துப் பிடித்தால், மிச்சமிருக்கும் காலமெல்லாம் ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்தே என் உயிரை எடுப்பான். ஆகவே என் ஊர், என் துடுப்பு, என் அக்கா எல்லாமே ஒரு தூண்டில் எவ்வளவு தூரம் போகிறது என்பதில் வந்து தொங்கியது.

அவன் சொன்ன அண்டா என்பது கரைக்கு எதிரே தண்ணீருக்கடியில் இருக்கும் ஒரு பாறைத் திட்டு. பூயா அண்டாவைக் கவிழ்த்தது போல இருக்கும் என்று யாரோ வைத்த பெயர். சாயங்காலமானால் ஸ்மால்மவுத் பாஸ் மீன்கள் அந்தப் பக்கம் சின்ன மீன்களை மேலே துரத்தி வேட்டையாடும். வெண்கல நிறம், சிவந்த கண், முள்ளில் மாட்டினால் ஆளைத் திட்டுவது போலத் துள்ளும். அந்த இடத்தை லாம்பர்ட் தன் படகிலிருந்த வழிகாட்டி மெஷினின் திரையில் எப்போதோ புள்ளி வைத்துக் குறித்திருந்தான். படகை விற்கும் முன் எல்லாப் புள்ளிகளையும் போனில் ஏற்றிக்கொண்டான். கரையில் சாய்ந்து நிற்கும் சீடர் என்ற ஊசியிலை மரத்திலிருந்து அண்டாப் புள்ளி எவ்வளவு தூரம் என்று போன் சொல்லிவிட்டது. சாதாரணத் தூண்டிலால் எட்டவே முடியாத தூரம். போதாக்குறைக்கு, படகில் இருந்த புள்ளிகளை அழிக்க மறந்ததில், அவனுடைய ரகசிய இடமெல்லாம் ஷேன் கைக்குப் போய்விட்டது. அது நினைவுக்கு வந்த அன்று அவன் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவலை அவன் தொடாமல் எழுந்தது அன்று ஒரு நாள்தான்.

நெடுஞ்சாலையில் தூண்டில் கடை வைத்திருக்கும் செங் வாங்கிடம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். செங் குடும்பமே கரையில் நின்று மீன் பிடிப்பவர்கள். அதனாலேயே லாம்பர்ட் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். படகுக்காரர்களுக்குக் கரையில் நிற்பவர்கள் என்றால் இளக்காரம். இவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"வாங்க கேப்டன்! வழி தவறிட்டீங்களா? படகுச் சாமான் இங்க கிடையாதே" என்றான் செங், நான் இவனை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும்.

"கரைக்குத்தான் வேணும்" என்று இவன் முனகினான்.

"என்னது? உங்க காது போய் எங்காதும் போச்சா? கேக்கலையே."

"கரையிலருந்து வீசறதுக்கு ஒரு ராடு வேணும்னேன்!"

செங் கல்லாவைத் தட்டிச் சிரித்தான். "நொயெல்லா, நீங்கதான் சாட்சி. இவர் படகு வந்தாலே எங்க ஆளுங்க இடத்தைக் காலி பண்ணணும் தெரியுமா? 'மீன் மேல நிக்கறீங்க, தள்ளிப் போங்க'ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவார். எங்கம்மா இவருக்குக் கடல் சிங்கம்னு பேர் வெச்சிருக்காங்க."

"உங்கம்மா நின்னது மீன் மேலதான்" என்றான் லாம்பர்ட்.

சிரித்தாலும் செங் தொழிலில் கெட்டிக்காரன். ஒன்பது அடி ராடு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தான். படகில் லாம்பர்ட் வைத்திருந்ததெல்லாம் குட்டை ராடுகள்; இதைப் பிடித்ததும் கொடிக்கம்பத்தைத் தூக்கியவன் போலத் தடுமாறினான். ரீலின் சுருள் அகன்றதாக இருக்க வேண்டும், நூலை விளிம்பு வரைக்கும் நிறைத்துச் சுற்ற வேண்டும், குறைத்துச் சுற்றினால் நூல் விளிம்பில் உரசி வேகம் செத்துவிடும் என்றான் செங். மெல்லிய பின்னல் நூல்தான் தூரம் போகும். அதன் நுனியில் இரண்டு கையை விரித்த நீளத்துக்கு மிதக்கிற நைலான் நரம்பை முடிச்சுப் போட வேண்டும். மூழ்குகிற நரம்பைக் கட்டினால் அது பொய்மீனின் மூக்கைக் கீழே இழுத்துவிடும், தண்ணீர்மேல் நடக்க வேண்டியது குனிந்து கும்பிட்டுக்கொண்டே வரும்.

பிறகு மூன்று பொய்மீன்களைக் கல்லாவின் கண்ணாடிமேல் வைத்தான்.

"இந்த நீளமானது அழகா இருக்கும், ஆனா காத்துல குட்டிக்கரணம் போடும். விடுங்க. இந்தக் கனமானதுக்கு வாலு பூரா ஈயம். குண்டு மாதிரி போகும், குண்டு மாதிரிதான் விழும். இதோ இந்தக் குட்டையனைக் கேளுங்க." காதருகில் வைத்து ஆட்டினான். உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. "எஃகு உருண்டை. வீசறப்போ வாலுக்கு ஓடிடும், அதனால நேரா பறக்கும். தண்ணியில விழுந்ததும் வயித்துக்குத் திரும்பிடும். அப்புறம் நீங்க நுனியைத் தட்டத் தட்ட இடது வலதுன்னு ஆடிட்டு நடந்து வரும். மீன் பைத்தியமாயிடும்."

"எது ரொம்ப தூரம் போகும்?" லாம்பர்ட் கேட்டது அது ஒன்றுதான்.

"தூரம் மட்டும்னா கனமானது. மீனும் வேணும்னா குட்டையன்."

"கனமானதையே குடு."

செங் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். லாம்பர்ட் வண்டிக்கு ராடைத் தூக்கிப்போன சமயம் நான் குட்டையனையும் வாங்கி என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். கணவன் யார் சொல்லையும் காதில் வாங்காதவன் என்று ஆன பிறகு கேட்கிற காது நமக்காவது இருக்க வேண்டும்.

அதன்பின் பயிற்சி. மும்முள்ளைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரின் அறுத்துவிட்ட வைக்கோல் வயலில் வீசுவான். விழுந்த இடத்தில் நான் ஓடிப்போய்த் துணி மாட்டும் கிளிப்பைக் குத்த வேண்டும். அறுபது வயதில் வைக்கோல் வயலில் பந்து பொறுக்கும் வேலை. "இன்னும் இடது பக்கம்! அங்க இல்ல, அங்க!" என்று கையை ஆட்டுவான். ராடைப் பின்னால் கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, இடது கையால் அடிப்பிடியை வயிற்றை நோக்கி இழுத்து அடித்தால் அந்த நீள ராடு மொத்தமும் வளைந்து நிமிரும். நூல் சர்ரென்று போகும் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு ஒரு வீச்சிலும் திருப்தியில்லை. ஒரு நாள் ஆத்திரத்தில் அடித்த அடியில் பொய்மீன் வயலைத் தாண்டிச் சாலையோரச் சின்ன மாதா கோயிலின் தகரக் கூரையில் டங்கென்று விழுந்தது.

"மாதாவே வெளிய வந்து எட்டிப் பாத்திருப்பா" என்றேன்.

"தூரத்தைப் பாரு, தூரத்தைப் பாரு!" என்று அவன் குதித்தான். குதித்த வேகத்தில் தலை சுற்றி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டான். ராட்டினம் நிற்கும் வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு என் கையை நசுக்கினான். எனக்குப் பயமாக இருந்தது. கிளிப்புகளை எண்ணுவது போலப் பாவனை செய்தேன்.

ஆகஸ்ட் முழுக்கச் சாயங்காலம் ஆனதும் நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவான். எட்டுகிற தூரத்தைக் கூட்டுவதற்காகத் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு, சில நாள் நெஞ்சளவு நின்று வீசுவான். ஈரத்தோடு வருவான், கதவைத் திறந்ததும் "இன்னும் கொஞ்சம்தான்" என்பான். நூலை மாற்றுவான். இன்னும் மெல்லிய நூல். அது முடிச்சு விழுந்து அறுந்து, பொய்மீன் தனியாகப் பறந்து வளைகுடாவுக்குள் போகும். மறுபடி செங் கடை. இப்படியே போய், ஒரு நாள் காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தபோது கனமானதை வீசி அண்டாப் புள்ளியை எட்டிவிட்டான்!

எட்டினால் வீட்டுக்கு ஓடி வந்து சொல்லுவான் என்று பார்த்தால், ஒரு சாயங்காலம் வந்தவன் முகம் செத்திருந்தது.

"எட்டிட்டேன். ஒண்ணுமே இல்ல."

"நாளைக்கு இருக்கும்."

"எட்டினது இன்னிக்கு ஒரு தடவை இல்ல. நாலஞ்சு நாளா எட்டறேன். உங்கிட்ட சொல்லல. மீனே இல்ல நொயெல்லா. படகு இருந்தப்போ வந்துச்சு. இப்ப வரமாட்டேங்குது."

மீனுக்குக்கூடத் தான் வேண்டாதவன் ஆகிவிட்டது போலச் சொன்னான். எட்டாமல் இருந்திருந்தாலாவது இன்னும் கொஞ்ச நாள் வீசிக்கொண்டிருப்பான். அன்றே கோரினுக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன், டிக்கெட் போட்டுவிடலாம் என்றாள் அவள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிசைந்துகொண்டிருந்த மாவை மேசையில் அடித்த அடி மாடிவரை கேட்டிருக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை. திறந்தால் அழுதிருப்பேன், அழுதால் அவன் எனக்காக இருந்துவிடுவான், அப்படி இருப்பவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சனிக்கிழமை சாயங்காலம் அவன் ராடை எடுத்தபோது நானும் கிளம்பினேன்.

"நீ எதுக்கு?"

"கடைசித் தடவை. பாக்கணும்போல இருக்கு."

பிளாஸ்கில் காப்பி, முட்டைக்கோஸ் கலந்த இறைச்சி சாஸேஜ் வைத்த ரொட்டி, கோட்டுப் பையில் போன். அவன் தடதடவென்று தண்ணீரில் இறங்கி, வழுக்குப் பாறைகளைக் காலால் தடவிக்கொண்டு நெஞ்சளவு போய் நின்று வீச ஆரம்பித்தான். நான் சாய்ந்த சீடர் மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கனமான பொய்மீன் பறந்து பறந்து எங்கோ தூரத்தில் தொப்பென்று விழுந்தது. இழுத்தான், வீசினான், இழுத்தான். நிறுத்தி ஒரு மூச்சு விடக்கூட அவனால் முடியவில்லை. பார்க்கிற எனக்கே தோள் வலித்தது.

அப்போதுதான் முனையைச் சுற்றிக்கொண்டு ஒரு படகு வந்தது. நீலக் கோடு போட்ட, முன்பக்கம் நசுங்கின படகு. அந்த நசுங்கல் விழுந்த நாள்கூட எனக்குத் தெரியும். எங்கள் படகு.

லாம்பர்ட் வீசுவதை நிறுத்தினான். படகு மெதுவாக வந்து, அவன் இத்தனை நாள் உயிரைக் கொடுத்து வீசிக்கொண்டிருந்த அதே இடத்தில், ஒரு முழம் பிசகாமல் நங்கூரம் போட்டது. ஷேன் பயணிகள் இரண்டு பேரிடம் ஏதோ சொல்லிக் கையை நீட்டினான். அவர்கள் வீசினார்கள். வளைகுடாவைப் பார்த்து இல்லை. கரையைப் பார்த்து, நான் உட்கார்ந்திருந்த சீடர் மரத்தைப் பார்த்து.

"மரத்தைப் பாத்து வீசுங்க! மரத்தைப் பாத்து!" என்று ஷேன் சொன்னது தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. அது லாம்பர்ட் காலமெல்லாம் கத்தின கத்தல்.

பிறகு ஷேன் கையைக் குவித்து இந்தப் பக்கம் கூப்பிட்டான். தொப்பியும் ரப்பர் கால்சட்டையுமாக நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றவன் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஐயா! கரையில நிக்கறவரே! மீன் மேல நிக்கறீங்க! கொஞ்சம் தள்ளிப் போங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடினேன், நிற்கவில்லை. லாம்பர்ட்டின் பிடரி சிவந்துபோனது இங்கிருந்தே தெரிந்தது.

அதே நேரம் பயணி ஒருவன் வீசிய பொய்மீன் லாம்பர்ட்டுக்கு முன்னால் வந்து விழுந்து ஆடிக்கொண்டு நகர்ந்தது. அவன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் தண்ணீர் வெடித்தது. ஒரு பாஸ்! பயணி பயந்துபோய் ராடைச் சுண்டி இழுத்தான். பொய்மீன் வெறுமனே பறந்து படகுக்குத் திரும்பிப் போனது.

"பொறுக்கணும்!" என்று லாம்பர்ட் கத்தினான். அடிவயிற்றிலிருந்து தானாக வந்த கத்தல். "தெறிக்கறதைப் பாத்து ஏன்யா இழுக்கறே? கையில எடை தெரியற வரைக்கும் பொறுக்கணும்!"

ஷேன் நிமிர்ந்து பார்த்தான். "கேப்டன்? நீங்களா? ஐயோ, தெரியாமக் கத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

"நீ எப்படி இங்க வந்தே?"

"மெஷின்ல நீங்க வெச்ச புள்ளிதான் கேப்டன். 'அண்டா'ன்னு போட்டிருக்கு. சரியா அது மேலதான் நங்கூரம் போட்டிருக்கேன்."

லாம்பர்ட் படகைப் பார்த்தான், திரும்பிச் சீடர் மரத்தைப் பார்த்தான். ஷேன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு, "நீங்க இருங்க, நாங்க வடக்கால போறோம்" என்று சொல்லி நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன்தான்.

லாம்பர்ட் மெதுவாகத் திரும்பி வந்தான். காலை அழுத்தாமல், தண்ணீர் கலங்காமல், பூனை நடப்பது போல வந்தான். என் பக்கத்தில் கூழாங்கல்லில் உட்கார்ந்தான். நான் காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"நீ மீனுக்கு வீசல" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. "இத்தனை நாளா உன் படகு நின்ன இடத்துக்குல்ல வீசிட்டிருந்தே."

"படகுலருந்துதானே பொத்தானை அமுக்கினேன்" என்றான். யாரிடமோ கணக்கு ஒப்பிப்பவன் போல. "நான் நின்ன இடம்தான் புள்ளியாயிருக்கு. மீன் நின்ன இடம் இல்ல. திட்டோட இந்தப் பக்கச் சரிவுலதான் மீன். தினமும் அது நடுவுல மிதிச்சுட்டுப் போயி, அதைத் தாண்டி வீசிட்டு, மீன் இல்லேன்னு வந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "பாவம் செங்கோட அம்மா."

"அந்தம்மா பாவம் அப்புறம் இருக்கட்டும். இப்ப என்ன பண்ணப் போறே?"

எழுந்திருக்கப் போனான். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். கலக்கின தண்ணீர் தெளிய வேண்டாமா? ரொட்டியைக் கொடுத்தேன். தின்றான். முட்டியை ஆட்டினான், நான் முட்டியில் கை வைத்து அழுத்தினேன். ஆட்டம் என் கைக்குள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு நின்றது. சூரியன் எதிர்க்கரை மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. தண்ணீர் எண்ணெய் ஊற்றினது போல அடங்கியது. அதன்மேல் சின்ன மீன்கள் மழைத்தூறல் போலப் பொறிந்தன, கரையிலிருந்து ரொம்ப தூரமில்லை.

கனமானதைக் கழற்றினான். பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான். எல்லாமே கனமானவை. நான் கோட்டுப் பையிலிருந்து குட்டையனை எடுத்து அவன் மடியில் போட்டேன். அவன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதருகில் வைத்து ஒரு தடவை ஆட்டினான்.

தண்ணீரில் இறங்கவில்லை. உலர்ந்த கூழாங்கல்லில் நின்று, வளைகுடாவைப் பார்க்காமல் கரையை ஒட்டியே பக்கவாட்டில் திரும்பி, அந்த நீள ராடை அடித்தான். வைக்கோல் வயலில் பழகின அத்தனை வீச்சும் அதில் இருந்தது. குட்டையன் சரிவின் நீளத்துக்கு நேராகப் பறந்து, தொலைவில் சத்தமில்லாமல் இறங்கியது. நுனியைத் தட்டினான். அது இடது, வலது, இடது என்று கரையோரமாகவே நடந்து வந்தது.

தண்ணீர் கிழிந்தது. லாம்பர்ட் சுண்டி இழுத்தான். குட்டையன் பறந்து வந்து அவன் தொப்பியில் அடித்தது.

"பொறுக்கணும்!" என்று கத்தினேன். "ஊருக்கெல்லாம் சொன்னே, உனக்கு யார் சொல்றது?"

"வாயை மூடு" என்றான், சிரித்துக்கொண்டே. ஏப்ரலுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

மறுபடி வீசினான். மறுபடி நடந்து வந்தது. ஒரு வெடிப்பு, தவறியது. அவன் இழுக்கவில்லை. தட்டினான். இன்னொரு வெடிப்பு. நான் பல்லைக் கடித்தேன். நூல் ஒரு பக்கமாக நகர்ந்தது, ராடின் நுனி தானாகக் குனிந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்த்தினான். பாஸ் தண்ணீரைவிட்டு மேலே வந்து தலையை உதறித் திட்டிவிட்டு விழுந்தது.

திரும்பத் திரும்பத் துள்ளிய மீனைப் பார்க்க அவன் தலையை வேகமாகத் திருப்பினானோ என்னவோ, அந்த நேரம் பார்த்து ராட்டினம் வந்துவிட்டது. முகம் வெளுத்து ஆடினான். நான் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இடுப்பு வாரைப் பிடித்தேன். அப்படியே கூழாங்கல்லில் உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ராடை விடவில்லை.

"விட்டுடு லாம், மீன் போனாப் போகட்டும்."

"புடிச்சுக்கோ. சுத்தட்டும். கீழ தரைதானே இருக்கு."

கண்ணை மூடியபடியே, கையால் மட்டும், இழுத்துக் கொடுத்து இழுத்துக் கொடுத்து மீனைக் கொண்டு வந்தான். ஓரத் தண்ணீரில் அதைக் கையால் பிடித்தபோது கண் திறந்தான். பெரிய மீன் இல்லை. படகில் இருந்திருந்தால் படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். முள்ளைக் கழற்றி, வாலைப் பிடித்துத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு விட்டான். ஒரு சிலுப்புச் சிலுப்பி அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அவன் துடைக்கவில்லை.

கோட்டுப் பையில் போன் அடித்தது. கோரின். டிக்கெட்! எடுக்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எடுத்துச் சத்தமாகப் பேசும்படி வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"அப்பா, கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கேன். உங்களுக்கு எந்த சீட்டு போட? ஜன்னல் பக்கமா, ஓரமா?"

லாம்பர்ட் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சரிவின்மேல் இன்னொரு மீன் வளையம் போட்டுவிட்டு மறைந்தது. அவன் முட்டி அசையவில்லை, கை அசையவில்லை. அவன் இப்படி உட்கார்ந்து பார்த்து எத்தனை மாதமாகிறது! நான் அவன் இடுப்பு வாரை இன்னும் விடவில்லை.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குதும்மா. எதுவும் போடாத" என்றான். "எனக்குக் கரையே போதும்."